தளம் முடக்கப்பட்டால்: அரசின் ஆணையைக் கையில் வாங்குவது எப்படி

இணையத்தில் உள்ள ஆபத்தான தகவல்களை அரசு தடை செய்யலாமா? சிலவற்றைத் தடை செய்தே ஆகவேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைக் காட்டும் காட்சிகள், ஒரு தெருவின் பெயரைச் சொல்லி அங்கிருப்பவர்களை வெட்டச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகள் போன்றவை இருக்கட்டும் என்று வாதாட எங்களுக்கு மனமில்லை. எங்கள் கவலை வேறு. இந்தியாவில் ஒரு பக்கத்தை முடக்கும்போது, அது எந்தச் சட்டப்படி, எந்தக் காரணத்துக்காக முடக்கப்பட்டது என்பது பல நேரம் அதை எழுதியவருக்கே தெரிவதில்லை. காரணம் தெரியாத தடை சரியானதா என்று மக்களாலும் சொல்ல முடியாது, நீதிமன்றத்தாலும் சொல்ல முடியாது. அதனால் தளமோ, யூடியூப் சேனலோ, எக்ஸ் கணக்கோ முடங்கினால் உங்கள் முதல் வேலை அந்த ஆணையின் பிரதியைப் பெறுவதுதான். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முடக்கம்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

தளம் திறக்கவில்லை என்றதும் அரசு முடக்கிவிட்டது என்று அறிவித்துவிடாதீர்கள். டொமைன் காலாவதி ஆகியிருக்கலாம், எஸ்எஸ்எல் சான்றிதழ் முடிந்திருக்கலாம், ஹோஸ்டிங் சர்வர் படுத்திருக்கலாம். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் பதிவில் டொமைன் காலாவதி தேதியையும் நிலையையும் பாருங்கள். 'கிளையன்ட் ஹோல்ட்' அல்லது 'சர்வர் ஹோல்ட்' என்று இருந்தால் சிக்கல் டொமைன் பதிவாளரிடம் அல்லது பதிவகத்தில் இருக்கிறது; இணைய சேவை நிறுவனத்திடம் இல்லை. சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கும் நண்பரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே திறந்து இங்கே திறக்காவிட்டால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

இந்தியாவில் முடக்கத்தை நடைமுறைப்படுத்துவது ஒவ்வொரு சேவை நிறுவனமும் தனித்தனியாகத்தான். ஒரே ஆணையை ஏர்டெல் ஒரு விதமாகவும் ஜியோ வேறு விதமாகவும் நிறைவேற்றலாம். பிஎஸ்என்எல்லில் அதே தளம் சில நாட்கள் திறந்துகொண்டே இருக்கலாம். எனவே குறைந்தது மூன்று இணைப்புகளில் சோதியுங்கள்: வீட்டு பிராட்பேண்ட் ஒன்று, வெவ்வேறு நிறுவனங்களின் மொபைல் டேட்டா இரண்டு. அலுவலகம், கல்லூரி வைஃபை வேண்டாம். அவற்றுக்குச் சொந்த ஃபயர்வால் இருக்கும்.

கணினியில் கமாண்ட் விண்டோவைத் திறந்து 'என்எஸ்லுக்அப்' கட்டளையோடு உங்கள் டொமைன் பெயரைக் கொடுங்கள். வரும் ஐபி முகவரியைக் குறித்துக்கொண்டு, அதே கட்டளையின் கடைசியில் 8.8.8.8 என்று சேர்த்து மறுபடி கொடுங்கள். இப்போது பதில் தருவது கூகுளின் டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை. முதல் பதிலில் 127.0.0.1 போன்ற வெற்று முகவரியோ சேவை நிறுவனத்துக்குச் சொந்தமான முகவரியோ வந்து, இரண்டாவதில் உங்கள் சர்வரின் முகவரி சரியாக வந்தால் அது டிஎன்எஸ் முடக்கம். கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைக்குப் பின்னால் உங்கள் தளம் இருந்தால் இரண்டு சரியான முகவரிகள் வேறுபட்டு வருவது இயல்பு. அதை முடக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டு பதிலும் சரியாக இருந்தும் தளம் திறக்கவில்லையா? 'கர்ல்' கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டிப் பாருங்கள். டிஎல்எஸ் எனப்படும் மறையாக்க இணைப்பின் முதல் செய்தியான 'கிளையன்ட் ஹலோ' போன உடனே இணைப்பு 'ரீசெட்' ஆனால், எஸ்என்ஐ புலத்தில் இருக்கும் உங்கள் டொமைன் பெயரைப் பார்த்து நடுவில் வெட்டுகிறார்கள் என்று பொருள். இன்றைக்கு எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். பூட்டுக்குறி இல்லாத பழைய எச்டிடிபி முகவரியில் மட்டும்தான் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி முடக்கப்பட்டுள்ளது என்ற அறிவிப்புப் பக்கம் வரும். எச்டிடிபிஎஸ்ஸில் அறிவிப்பே வராது. வாசகருக்கு ஏதோ நெட் கோளாறு போலவே தெரியும். ஆகவே எச்டிடிபி முகவரியையும் தனியாகத் திறந்து பாருங்கள். அந்த அறிவிப்புப் பக்கம் கிடைத்தால் அதுதான் உங்கள் கைக்கு வரும் முதல் அரசுச் சான்று.

கட்டளைகள் பழக்கமில்லாதவர்களுக்கு ஊனி புரோப் என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதில் உங்கள் முகவரியைக் கொடுத்து ஓட்டினால் டிஎன்எஸ், டிசிபி, டிஎல்எஸ், எச்டிடிபி என நான்கு நிலையையும் சோதித்து, நேரம், சேவை நிறுவனம் ஆகியவற்றோடு பொதுவெளியில் பதிந்துவிடும். நேரத்தோடு பொதுவெளியில் நிற்கும் பதிவு என்பதால் வழக்கில் உதவும். பொதுவெளியில் பதிகிறது என்பதையே மனதில் வைத்துத்தான் ஓட்டவும் வேண்டும். உங்கள் நெட்வொர்க் எது என்பது அதில் தெரியும்.

யூடியூப், எக்ஸ், ஃபேஸ்புக் என்றால் இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. அவை இந்தியாவில் மட்டும் மறைத்துவிட்டு, சட்டக் கோரிக்கை வந்ததாகத் திரையில் காட்டும்; உங்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பும். அந்த மின்னஞ்சலில் எந்தச் சட்டப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேற்கொண்டு எல்லாம் அதைப் பொறுத்தது.

எதையும் அழிக்காதீர்கள்

பதற்றத்தில் பலர் செய்யும் முதல் தவறு, பிரச்சினைக்குரிய பதிவை உடனே அழித்துவிடுவது. அழித்துவிட்டால் அதில் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்வதுதான் நிற்கும். பக்கத்தை முழுதாகச் சேமியுங்கள். வேபேக் மெஷினில் ஒரு பிரதி எடுங்கள். அதன் சர்வர்கள் வெளிநாட்டில் இருப்பதால் இந்திய முடக்கம் அதற்குத் தடையில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது முகவரிப் பட்டை, தேதி, நேரம், சேவை நிறுவனத்தின் பெயர் எல்லாம் தெரியட்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் தேவை. அந்தப் படிவம் கோப்பின் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு அது. விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' கட்டளையால் எஸ்எச்ஏ-256 மதிப்பை எடுத்து அன்றே எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து இறக்கினால் படம் சுருங்கிவிடும், ஹேஷ் மாறிவிடும். மூலக் கோப்பை பென்டிரைவில் தனியாக வைத்திருங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு குழந்தைகள் தொடர்பான பாலியல் காட்சிகள். உங்கள் தளத்தின் பின்னூட்டத்தில் யாராவது அப்படி எதையாவது போட்டிருந்தால் ஆதாரத்துக்காகக்கூடப் பிரதி எடுக்காதீர்கள், வைத்திருப்பதே குற்றம். உடனே மறைத்து, தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் முகவரியைத் தெரிவியுங்கள்.

எந்த வாசலில் நிற்கிறீர்கள்?

மூன்று வாசல்கள் உண்டு. வாசல் மாறிப் போனால் மாதக்கணக்கில் கடிதம் அலைந்துகொண்டிருக்கும்.

முதலாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. இதன்கீழ் ஆணையிடுவது மத்திய அரசு. நடைமுறை 2009-ஆம் ஆண்டு முடக்க விதிகளில் இருக்கிறது. பொதுவான தளங்கள், சமூக ஊடகக் கணக்குகள் என்றால் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். நீங்கள் செய்தி வெளியீட்டாளர் என்றால் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி தகவல், ஒலிபரப்பு அமைச்சகம்.

இரண்டாவது, அதே சட்டத்தின் 79(3)(பி) பிரிவு. இதில் அரசு நேரடியாக முடக்குவதில்லை. சட்டவிரோதமானது என்று அதிகாரி நோட்டீஸ் அனுப்புவார். நீக்காவிட்டால், பயனர் போட்ட பதிவுக்குத் தான் பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பை அந்த நிறுவனம் இழக்கும். மாநில போலீசும் இதைப் பயன்படுத்துகிறது. உள்துறை அமைச்சகத்தின் சஹ்யோக் தளம் வழியாக இந்த நோட்டீஸ்கள் போகின்றன. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

மூன்றாவது, நீதிமன்ற ஆணை. பெரும்பாலும் பதிப்புரிமை வழக்கு. 2012-இல் ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஆணையைக் காட்டி விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடிவிட்டார்கள். அந்த ஜூன் மாதம் நீதிமன்றமே, படம் இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்லை மட்டும் முடக்கினால் போதும் என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஆணை என்றால் வழக்கு எண்ணைக் கண்டுபிடித்து அதே நீதிமன்றத்தில் மனு போடுங்கள். அமைச்சகத்துக்கு எழுதிப் பயனில்லை.

ஊர் முழுக்க நெட் இல்லை என்றால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே அல்ல. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நடந்தது தொலைத்தொடர்பு இடைநிறுத்தம். அதற்குத் தனி விதிகள் உண்டு, ஆணையை வெளியிட்டே ஆகவேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

69ஏ சொல்வதையும் சொல்லாததையும் படியுங்கள்

இந்தப் பிரிவில் உள்ள காரணங்களை எண்ணிப் பார்க்கலாம்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் தற்காப்பு, அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான பிடிவாரண்டு தேவைப்படாத குற்றங்களைத் தூண்டுவதைத் தடுத்தல். அவ்வளவுதான். அவதூறு இந்தப் பட்டியலில் இல்லை. பதிப்புரிமை இல்லை. ஆபாசம் இல்லை. பொய்ச் செய்தி என்பதும் தன்னளவில் இல்லை. அமைச்சரைக் கிண்டல் செய்தது நிச்சயமாக இல்லை. ஆபத்தான தகவல் என்று பொதுவாகச் சொல்லி முடக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை. ஆறில் எது என்று அரசு சொல்லியாக வேண்டும். உங்கள் பதிலின் முதுகெலும்பே இந்தக் கேள்விதான்.

2009 முடக்க விதிகளின் 8-ஆம் விதிப்படி, பதிவை வெளியிட்டவரையோ அது இருக்கும் நிறுவனத்தையோ அடையாளம் காண அதிகாரி நியாயமான முயற்சி எடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். 'அல்லது' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு, எழுதியவருக்குச் சொல்லாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. இது அநியாயம். இதற்கு இப்போதே ஒரு தற்காப்பு செய்துகொள்ளலாம். தளத்தில் தொடர்புப் பக்கம் ஒன்று வைத்து, அதில் தினமும் பார்க்கும் மின்னஞ்சலையும் அஞ்சல் முகவரியையும் எழுதுங்கள். ஹூஇஸ் மறைப்பு போட்டிருந்தால் அந்த மாற்று மின்னஞ்சல் உங்களுக்கு வந்து சேர்கிறதா என்று சோதியுங்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். அடையாளம் காண முடியவில்லை என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது. பெயரை மறைத்து எழுதுவோருக்கு வழக்கறிஞர் ஒருவரின் முகவரி போதும்.

9-ஆம் விதி அவசர முடக்கம். முன்னறிவிப்பே தேவையில்லை, முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள், முடக்கக் கோரிக்கைகளை ஆராயும் அதிகாரிகள் குழுவின் முன் வைப்பார்கள். செய்தித் தளங்களுக்கு இதே போன்ற அதிகாரம் 2021 விதிகளின் 16-ஆவது விதியில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விகடன் தளம் பலருக்குத் திறக்காமல் போனபோது, அந்த நிறுவனத்தின் கைக்கு ஆணை வந்து சேரும் முன்பே வாசகர்கள் முடக்கத்தைக் கண்டுவிட்டார்கள். பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த ஒரே ஒரு கேலிச்சித்திரத்துக்காக முழுத் தளமும் போனது.

48 மணி நேர நோட்டீஸுக்குப் பதில்

நோட்டீஸ் வந்தால் கட்டுரை எழுதாதீர்கள். இரண்டு பக்கம் போதும். கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிப் பொதுவாக நீட்டி முழக்கும் பதில்களைக் குழு படித்ததும் மூடிவிடும். இந்த வரிசையில் எழுதுங்கள்:

1. எந்த யூஆர்எல், எந்த வாக்கியம், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறிப்பிடக் கேளுங்கள்.
2. 69ஏ பிரிவின் ஆறு காரணங்களில் எது என்று கேளுங்கள். புகாரின் பிரதியையும் கேளுங்கள்.
3. பதிவின் சூழலைச் சொல்லுங்கள்: எப்போது எழுதியது, எதற்குப் பதிலாக எழுதியது, மூலச் செய்தி எது.
4. முழு முடக்கத்தைவிடக் குறைந்த வழியை நீங்களே முன்வையுங்கள்: அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறைப்பது, தனிநபர் முகவரியை அழிப்பது, விளக்கக் குறிப்புச் சேர்ப்பது.
5. நேரிலோ காணொலியிலோ விளக்கம் தர வாய்ப்பு வேண்டும் என்று எழுதுங்கள்.
6. இந்தப் பதிலால் எந்தச் சட்ட உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று முடியுங்கள்.

நான்காவதைச் சரணாகதி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. குறைந்த வழி இருக்க முழுத் தளத்தை ஏன் மூடினீர்கள் என்று பிறகு நீதிமன்றத்தில் கேட்க, அதை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். 2014 டிசம்பரில் சில பக்கங்களில் ஐஎஸ் அமைப்பின் பிரசாரம் இருக்கிறது என்று, மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்ஹப், விமியோ, ஆர்க்கைவ் உட்பட 32 தளங்களை முடக்கினார்கள். தீவிரவாதப் பிரசாரத்தை நீக்கச் சொன்னது சரிதான். அதற்காக நாடு முழுக்க மென்பொருள் எழுதுவோரின் வேலையை நிறுத்தியது சரியல்ல.

ஆர்டிஐ: 'ஏன்' என்று கேட்காதீர்கள்

நோட்டீஸும் வரவில்லை, ஆணையும் வரவில்லை என்றால் இரண்டு கடிதங்களை ஒரே நாளில் அனுப்புங்கள். ஒன்று, சம்பந்தப்பட்ட அமைச்சகத்தின் முடக்கப் பொறுப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில், ஆணையின் பிரதி கேட்டு. மற்றொன்று, சேவை நிறுவனத்துக்கு. முடக்க ஆணைகளை ரகசியமாக வைக்கச் சொல்லும் 2009 விதிகளின் 16-ஆம் விதியைக் காட்டி நிறுவனம் பெரும்பாலும் மறுக்கும். மறுக்கட்டும், அந்த மறுப்புக் கடிதமும் நீதிமன்றத்தில் உங்களுக்கு ஆவணம்தான்.

பிறகு மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) தளத்தில் மனு. கட்டணம் 10 ரூபாய். மனுவின் பெட்டியில் 3,000 எழுத்துகள்தான் கொள்ளும். இதில் பலர் சறுக்கும் இடம், ஏன் முடக்கினீர்கள் என்று கேட்பது. கருத்தோ விளக்கமோ தகவல் ஆகாது என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். கோப்பில் இருக்கும் விவரங்களாகக் கேளுங்கள்: இந்த யூஆர்எல் மீதான ஆணையின் எண், தேதி, 8-ஆம் விதியின் கீழா 9-ஆம் விதியின் கீழா, குழு கூடிய தேதி, எனக்கு நோட்டீஸ் அனுப்பிய தேதி, முகவரி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டிய மறுஆய்வுக் குழு இந்த ஆணையைப் பார்த்த தேதி. 'நோட்டீஸ் அனுப்பவில்லை' என்ற ஒரு பதில் வந்தாலே வழக்குக்குப் பாதி பலம்.

ரகசியம் என்று மறுத்தால் ஆர்டிஐ சட்டத்தின் 22-ஆம் பிரிவை மேல்முறையீட்டில் எழுதுங்கள். முரண்படும் மற்ற சட்டங்களைவிட இதுவே மேலோங்கும் என்று அது சொல்கிறது. ரகசியமான பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்பதற்கு 10-ஆம் பிரிவு. பதிலுக்கு 30 நாள். அதன்பின் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள். உண்மையைச் சொன்னால் மறுப்பே அதிகம் வரும். அதனால் ஆர்டிஐ முடியட்டும் என்று வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரிட் மனு

69ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அப்படிச் சொல்ல நீதிமன்றம் நம்பிய பாதுகாப்புகளில் ஒன்று, காரணங்கள் எழுத்தில் பதியப்படுகின்றன, அவற்றை அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவில் எதிர்க்கலாம் என்பது. ஆணையையே காட்டாவிட்டால் எதை எதிர்ப்பது? உங்கள் வழக்கறிஞர் முதலில் வைக்க வேண்டிய வாதம் இது. 2018-இல் முடக்கப்பட்ட ஒரு வரதட்சணை நையாண்டித் தளத்தின் வழக்கில், அதை உருவாக்கியவருக்கு ஆணையின் பிரதியைக் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் தொடங்கித் தென்மாவட்டங்கள் மதுரைக் கிளையில் வரும், மற்றவை சென்னையில். எதிர்மனுதாரர்களாக மத்திய அமைச்சகத்தின் செயலர், முடக்கப் பொறுப்பு அதிகாரி, தொலைத்தொடர்புத் துறை, சம்பந்தப்பட்ட நிறுவனம் ஆகியோரைச் சேருங்கள். முடக்க ஆணையின் ஆவணங்களை வரவழைத்து ரத்து செய்யக் கேட்பது பிரதான கோரிக்கை. இடைக்காலக் கோரிக்கைகள் இரண்டு இருக்கட்டும்: ஆணையின் பிரதி, சர்ச்சைக்குரிய பக்கத்தைத் தற்காலிகமாக மறைத்துவிட்டால் மீதித் தளத்தைத் திறப்பது. விகடன் வழக்கில் 2025 மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்தது இந்த இரண்டாவது வகை நிவாரணம்தான். கேலிச்சித்திரம் சட்டப்படி சரியா என்ற கேள்வியைப் பிறகு முடிவு செய்யலாம், அதற்காக முழுத் தளமும் மூடிக் கிடக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

அரசு மூடிய உறையில் காரணத்தைத் தருகிறோம் என்று சொல்லலாம். மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறது. தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் இயற்கை நீதி காணாமல் போய்விடாது என்பதே அந்தத் தீர்ப்பின் நிலை. எதிரான தீர்ப்பும் இருக்கிறது. 2023 ஜூன் 30 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ட்விட்டரின் மனுவைத் தள்ளி 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. முழுக் கணக்குகளையே முடக்கலாம் என்றும் சொன்னது. ஆணைகளை ஒரு வருடத்துக்கு மேல் நிறைவேற்றாமல் வைத்திருந்துவிட்டு நீதிமன்றத்துக்கு வந்தது அந்த நிறுவனத்துக்கு எதிராக நின்றது. ஆகவே முடங்கிய சில வாரங்களுக்குள் மனு போடுங்கள். அதற்குள் அதே உள்ளடக்கத்தைப் புது டொமைனில் ஏற்றிவிடாதீர்கள். இடைக்கால நிவாரணம் கேட்கும்போது நீதிபதி முதலில் கேட்பது அதைத்தான்.

செலவுக்கு வழியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு.

திறக்கச் சொல்லி ஆணை வந்த பிறகு

அமைச்சகம் முடக்கத்தை நீக்கினாலும் எல்லா இணைப்பிலும் ஒரே நாளில் திறக்காது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலிலிருந்து உங்கள் டொமைனைத் தனியாக எடுக்க வேண்டும். சிறிய கேபிள் நிறுவனங்கள் மாதக்கணக்கில் எடுக்காமலே விட்டுவிடுவதுண்டு. முதலில் செய்த அதே சோதனைகளை அதே மூன்று இணைப்புகளில் மறுபடி ஓட்டுங்கள். 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' சேர்ந்த முகவரி, சேராத முகவரி, துணை டொமைன்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறந்திருப்பார்கள். எங்கே திறக்கவில்லையோ அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட பிரதியையும் ஊனி பதிவின் இணைப்பையும் அனுப்பி, நகலைத் தொலைத்தொடர்புத் துறைக்கும் போடுங்கள். அதன் பிறகும் திறக்காவிட்டால் அதே வழக்கு எண்ணில் அவமதிப்பு மனு போடலாம்.